குடைமிளகாய்க்குத் தண்ணீர் விடுவது எப்படி: நெல்லைப் பக்கத்துப் பசுமைக்குடிலுக்கு, நாற்று முதல் கடைசிப் பறிப்பு வரை

தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் வரப்பு நிறையக் கட்டுவதுதான். அதே கை பசுமைக்குடிலுக்குள் வால்வைத் திறந்தால் குடைமிளகாயின் வேர் சீக்கிரமே அழுகிப்போகும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் கிணற்றுத் தோட்டக்காரர்களிடம் இதற்கு நேர் எதிரான பழக்கம் இருக்கிறது: செடி வாடும் வரை மிச்சம்பிடிப்பது, வாடிய பிறகு மொத்தமாக விடுவது. இந்தப் பயிருக்கு அது இன்னும் மோசம். குடைமிளகாய் அதிகம் கேட்பதில்லை, ஆனால் ஒரே சீராகக் கேட்கும். குடிலுக்குள் மழை பெய்யாது, நீங்கள் விட்டதை ஈடுகட்ட வேறு யாரும் வரப்போவதில்லை.

கணக்குக்காகக் கால் ஏக்கர் குடில், அதாவது சுமார் 1000 சதுர மீட்டர், மண் மேட்டுப்பாத்தி, சொட்டுநீர் என்று வைத்துக்கொள்வோம். தென்னை நார்க்கழிவுப் பைகளில் வளர்ப்பது வேறு கணக்கு, புதியவர்கள் முதல் வருடமே அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

முதல் வேலை: தண்ணீரைப் பரிசோதியுங்கள்

குடில் போடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், போட்ட பிறகு செய்து பயனில்லை. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பழைய தண்ணீர் போனதும் சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். வருகிற தாளில் முதலில் பார்க்க வேண்டியது இ.சி., அதாவது உப்பின் அளவு (dS/m கணக்கில்). 1 வரை இருந்தால் பிரச்சினை இல்லை. குடைமிளகாய் உப்பைத் தாங்காத பயிர், தண்ணீரின் இ.சி. 1.5 ஆனால் மகசூலில் பத்தில் ஒரு பங்கும், 2.2-ஐத் தொட்டால் கால் பங்கும் போகும் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. திசையன்விளை, உவரி, கூடங்குளம் பக்கம் கடலை ஒட்டிய போர்வெல்களில் பல இடங்களில் தண்ணீர் சவர்க்கும். குடிக்க முடியாவிட்டாலும் தென்னைக்குப் பாய்கிறதே என்று அதை நம்பி இறங்காதீர்கள், தென்னை வேறு சாதி.

அப்படிப்பட்ட இடத்தில் குடிலின் கூரையே உதவும். 1000 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர். சிந்தியது சிதறியது போக எட்டாயிரம் கையில் நிற்கும். இரண்டு ஓரங்களிலும் தகரக் காடி வைத்து, சீட் விரித்த பண்ணைக்குட்டைக்குள் இறக்கிவிட்டால், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சேர்வதைத் தை, மாசி வரை உப்புத் தண்ணீரோடு கலந்து ஓட்டலாம். பாதிக்குப் பாதி கலந்தால் உப்பும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

குழாயும் நிமிடக் கணக்கும்

சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு, தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு யாரும் உட்கார்ந்து சொல்லித்தராத கணக்கை.

பாத்தி 1 மீட்டர் அகலம், நடைபாதை அரை மீட்டர், நீளம் 30 மீட்டர் என்றால் ஒரு பாத்திக்கு 45 சதுர மீட்டர். பாத்திக்கு இரண்டு லேட்டரல் (பாத்தி நீளத்துக்கு ஓடும் சிறு குழாய்), 30 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் துளை), டிரிப்பர் ஒன்று மணிக்கு 2 லிட்டர். ஒரு லேட்டரலில் 100 டிரிப்பர், இரண்டிலும் 200, மணிக்கு 400 லிட்டர். அதை 45-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு மணிக்கு ஏறக்குறைய 9 லிட்டர். அதாவது சதுர மீட்டருக்கு 1 லிட்டர் விட 7 நிமிடம் போதும். இந்த 7 நிமிடத்தை மோட்டார் ரூம் சுவரில் எழுதிவையுங்கள், கீழே வருகிற எல்லாக் கட்டத்துக்கும் இதுதான் அளவுகோல். உங்கள் பாத்தியும் டிரிப்பரும் வேறு அளவானால் உங்கள் எண்ணைப் போட்டு வகுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி “நான் அரை மணி நேரம் விடுதேன்” என்று சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது, அவர் லேட்டரல் ஒற்றை வரிசையாக இருக்கலாம், டிரிப்பர் 4 லிட்டராக இருக்கலாம், பாதி அடைத்தும் இருக்கலாம்.

அடைப்பைக் கண்டுபிடிக்க ஒரு டம்ளர் போதும். டிரிப்பருக்குக் கீழே மண்ணைக் கொஞ்சம் தோண்டி, டம்ளரைப் பதித்து, சரியாக 6 நிமிடம் பிடியுங்கள். 2 லிட்டர் டிரிப்பரானால் 200 மில்லி வர வேண்டும். வால்வுப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, கடைக்கோடியில் ஒன்று. முன்னால் 200, கடைசியில் 150 என்றால் குடிலின் கடைசி வரிசை எப்போதும் கால் பங்கு தாகத்தோடு நிற்கிறது என்று அர்த்தம். அங்கேதான் காய் சிறுத்திருக்கும், நீங்கள் உரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

20 பாத்தியையும் ஒரே வால்வில் ஓட்டினால் மணிக்கு 8000 லிட்டர் வேண்டும். இரண்டு வால்வாகப் பிரித்தால் 4000 போதும். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்கும் செடி தண்ணீர் கேட்கிற நேரத்துக்கும் சம்பந்தம் இருக்காது, ஆகவே 5000 லிட்டர் டேங்க் ஒன்று கட்டாயம். டேங்கை 3 மீட்டர் உயரத்தில் ஏற்றிவிட்டுத் தானாக ஓடும் என்று நினைக்காதீர்கள். லேட்டரலுக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் வேண்டும், அது 10 மீட்டர் உயரத்துக்குச் சமம். டேங்கிலிருந்து தள்ள சிங்கிள் பேஸ் 1 எச்.பி. மோட்டார் ஒன்று வைத்துக்கொள்வதே நல்லது. சாண்ட் பில்டரும் டிஸ்க் பில்டரும் இருக்கட்டும். குளத்து, ஆற்றுத் தண்ணீருக்கு சாண்ட் பில்டர் இல்லாவிட்டால் பாசி ஒரே மாதத்தில் டிரிப்பரை மூடிவிடும்.

பாத்தியை நனைப்பதும் நடுவதும்

கரிசல் பூமியில் பலரும் செம்மண்ணை வண்டியில் அடித்துக்கொண்டுவந்து பாத்தி போடுவார்கள், அது சரியான வேலை. கரிசல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது, குடைமிளகாய் வேருக்கு அது ஆகாது. செம்மண், தொழுவுரம், வடிகாலுக்குக் கொஞ்சம் உமி அல்லது மணல், முக்கால் அடிக்குக் குறையாத, முடிந்தால் ஒரு அடி உயர மேடு. தேரி மணல் பக்கம் பிரச்சினை தலைகீழ், தண்ணீர் டிரிப்பருக்கு நேர் கீழே இறங்கிப் போய்விடும், பக்கவாட்டில் பரவாது, அங்கே தொழுவுரத்தைக் கூட்டுங்கள்.

நடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் பாத்தியை ஒரு அடி ஆழம் வரை நன்றாக நனையுங்கள். பயிர்க்காலம் முழுவதிலும் தாராளமாகத் தண்ணீர் விட உங்களுக்கு அனுமதியுள்ள நாள் இது ஒன்றுதான். மண்ணில் பழைய உப்பு இருந்தாலும் இதில் கீழே இறங்கும். அப்புறம் பாத்தியை மூடும் மல்ச்சிங் சீட்டை விரித்து ஓட்டை போடலாம்.

ஐந்தாறு இலை விட்ட, சுமார் 35 நாள் நாற்று நல்ல நாற்று. குழித்தட்டோடு நாற்றை நனைத்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். 45 செ.மீ. இடைவெளியில் நட்டால் 30 செ.மீ. டிரிப்பர் எல்லாச் செடிக்கும் பக்கத்தில் வராது, சில நாற்று இரண்டு டிரிப்பருக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். அதன் வேர்க்கட்டி கட்டைவிரல் அளவுதான், பக்கத்து ஈரத்தை எட்டிப் பிடிக்க அதற்கு இன்னும் தெரியாது. அதனால் முதல் நான்கைந்து நாள் பூவாளியால் செடிக்குச் செடி ஒரு கை தண்ணீர் ஊற்றுங்கள். சொட்டுநீர் போட்ட பிறகும் பூவாளியா என்று ஆட்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வேர் பிடிக்கும் காலம்: முதல் 10, 12 நாள்

நாளைக்குச் சதுர மீட்டருக்கு 1 லிட்டர், மிஞ்சினால் ஒன்றரை. காலையில் 4, 5 நிமிடம், மதியம் 4, 5 நிமிடம். அதற்கும் குறைவாகத் துண்டு போடாதீர்கள், குழாய் நிறையவே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், கடைசிச் செடிக்கு ஒன்றும் போய்ச் சேராது. தண்டின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் நாற்றழுகல் வரும். தண்டு தரையைத் தொடும் இடத்தில் சுருங்கிச் சாய்கிற நாற்றைப் பார்த்தால் தண்ணீரைக் குறையுங்கள், கூட்டாதீர்கள்.

வளரும் காலம்: நட்ட 12-ஆம் நாளிலிருந்து ஐந்து வாரம் வரை

இங்கே கொஞ்சம் கஞ்சத்தனம் நல்லது. ஒன்றரை முதல் 2 லிட்டர், அதாவது 10 முதல் 14 நிமிடம், காலையில் ஒரே தடவை. கனத்த மண்ணானால் ஒன்று விட்டு ஒரு நாள். மேல் மண் லேசாகக் காய்ந்தால்தான் வேர் கீழே தேடிப் போகும். இந்த மாதம் மேலேயே வேர் சுற்றிக்கொண்டிருந்தால் பங்குனி வெயிலில் அந்தச் செடி நிற்காது. தண்டு கவையாகப் பிரிகிற இடத்தில் வரும் முதல் பூவைக் கிள்ளிவிடுங்கள், அதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடலாம். உரப்பாசனம், அதாவது சொட்டுநீரோடு உரம் விடுவது, மூன்றாம் வாரம் தொடங்கினால் போதும்.

ஈரம் பார்க்க மீட்டர் இல்லாவிட்டால் கை இருக்கிறது. சீட்டை ஓட்டை வழியாகக் கொஞ்சம் தூக்கி, டிரிப்பருக்கும் செடிக்கும் நடுவில் அரை அடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுங்கள். அழுத்திப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்ட வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது, கட்டைவிரலால் லேசாகத் தட்டினால் உடைய வேண்டும். உருண்டையே பிடிக்காவிட்டால் தாமதமாகிவிட்டது. பிசுபிசுவென்று விரலோடு வந்தால் நாளைக்குத் திறக்க வேண்டாம். மேலே மண் எப்படி இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், சீட்டுக்கு அடியில் வியர்த்து எப்போதும் ஈரமாகத்தான் தெரியும்.

காசு இருந்தால் மண் ஈரத்தைக் காட்டும் டென்சியோமீட்டர் ஒன்று வாங்கி 15 செ.மீ. ஆழத்தில் பதியுங்கள். செம்மண் பாத்தியில் முள் 10-க்குக் கீழே கிடந்தால் ஈரம் அதிகம், 20-ஐ நெருங்கினால் திறக்கும் நேரம்.

பூவும் பிஞ்சும்

இப்போது கஞ்சத்தனத்தை விடுங்கள். 2 முதல் 3 லிட்டர், 14 முதல் 20 நிமிடம், காலையும் மதியமும் இரண்டாகப் பிரித்து. இந்தக் கட்டத்தில் ஒருநாள் காயப்போட்டு மறுநாள் நிரப்பினால் பூவும் பிஞ்சும் பாத்தி மேல் கொட்டிக் கிடக்கும். அதே சமயம் எல்லாப் பூ உதிர்வும் தண்ணீரால் வருவதில்லை. குடிலுக்குள் 35 டிகிரிக்கு மேல் போனால் நீங்கள் என்ன தண்ணீர் விட்டாலும் பூ உதிரும், அதற்கு நிழல்வலை, பக்கத் திரை, பனிபோல் தண்ணீர் தூவும் பாகர் (fogger) ஆகியவைதான் வழி. நம் சமவெளியில் ஆடி, ஆவணி வாக்கில் நட்டு, பூவும் முதல் காய்களும் குளிர்ந்த மாதங்களில் வருகிற மாதிரி வைத்துக்கொள்வது ஆயிரம் லிட்டர் தண்ணீரைவிடப் பயன் தரும்.

காய் பருக்கும் காலம்

பச்சைக் காய் நட்ட 60, 70 நாளில் பறிப்புக்கு வரும், சிவப்பு மஞ்சள் ரகங்கள் நிறம் ஏற 80, 90 நாள். அங்கிருந்து மாதக்கணக்கில் செடியில் பூ, பிஞ்சு, காய் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். 3 முதல் 4 லிட்டர் விடுங்கள். 4 லிட்டர் என்றால் 27 நிமிடம், அதைக் காலை 8 மணி, பதினொன்றரை, 2 மணி என்று 9 நிமிடமாக மூன்றாகப் பிரியுங்கள். 3 மணிக்கு மேல் வேண்டாம். சாயங்காலம் விட்ட தண்ணீரை இலை குடிப்பதில்லை, இரவெல்லாம் வேர் காய்க்குள் ஏற்றும், குடிலுக்குள் ஈரப்பதமும் கூடும், விடிகாலையில் நிறம் திரும்பிய காயின் தோளில் மெல்லிய கோடுகோடாக வெடிப்பு. அந்தக் காயை வியாபாரி ஓரமாகத் தள்ளிவைத்துவிடுவார்.

இன்னொன்று நுனி அழுகல். காயின் அடிப்பகுதியிலோ பக்கத்திலோ வெளிறிய, காகிதம் போன்ற பள்ளம் விழும், பிறகு பழுப்பாகி அதன் மேல் கரும்பூஞ்சணம் படரும். பூஞ்சணத்தைப் பார்த்துவிட்டு நோய் என்று மருந்து வாங்க ஓடுவார்கள், உரக்கடையிலும் ஏதாவது எடுத்துக் கொடுப்பார்கள். உண்மையில் அந்த இடத்துக்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் பயணம் செய்யும், அதுவும் அதிகம் ஆவியாகிற இலைக்கே முதலில் போகும். மண் காய்ந்த நாளில் இலை எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ள, பருத்துக்கொண்டிருக்கிற பிஞ்சு வெறுங்கையோடு நிற்கும். மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருந்தும் இது வரக் காரணம் பெரும்பாலும் விட்டுவிட்டுப் பாய்ச்சுவதும் தண்ணீரில் உள்ள உப்பும்தான். கால்சியம் நைட்ரேட் கொடுக்கலாம், ஆனால் தண்ணீரை ஒழுங்குபடுத்தாமல் அதை மட்டும் கொடுத்துப் பலனில்லை. பள்ளம் விழுந்த காய் தேறாது, பறித்துப் போடுங்கள்.

உரம் விடும்போது காலைத் தவணையில் முதல் 2, 3 நிமிடம் வெறும் தண்ணீர், நடுவில் உரம், கடைசி 3 நிமிடம் மறுபடி வெறும் தண்ணீர். அன்றைக்குக் காலைத் தவணையை மட்டும் சற்று நீட்டி மற்ற இரண்டில் குறைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் நைட்ரேட்டை மெக்னீசியம் சல்பேட்டோடும், 12:61:0 போன்ற பாஸ்பேட் உரத்தோடும் ஒரே வாளியில் கரைக்கவே கூடாது, வெள்ளையாகத் திரிந்து டிரிப்பரை அடைக்கும். வேறு வேறு நாளில் விடுங்கள்.

வானத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது

மேலே சொன்ன அளவெல்லாம் வெயில் அடிக்கிற சாதாரண நாளுக்கு. மேகம் மூடிய நாளில் பாதி போதும். ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தால், கைப்பிடி மண்ணைப் பார்த்துவிட்டு ஒரு நாள் விடாமலே இருக்கலாம். அப்போது உள்ளே விடும் தண்ணீரைவிட வெளியே தேங்கும் தண்ணீர்தான் ஆபத்து. குடிலைச் சுற்றி வடிகால் வாய்க்கால் இல்லாவிட்டால் அது பாத்திக்கு அடியில் ஊறி வந்துவிடும். மூன்று நாள் மூடலுக்குப் பிறகு சுள்ளென்று வெயில் அடிக்கும் நாளில் செடி மதியம் தொங்கும், பதறி முழு அளவையும் திறக்க வேண்டாம், முதல் நாள் முக்கால், மறுநாள் முழுசு.

ஆடிக்காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் வேறு ரகம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று மேற்கு ஓரப் பாத்திகளை மற்றதைவிட வேகமாகக் காயவைக்கும், அந்த இரண்டு மூன்று பாத்திக்குத் தனி வால்வு போட்டால் பிரச்சினை தீர்ந்தது. அதே மாதங்களில் தென்காசி, செங்கோட்டை பக்கம் சாரலும் மூடலும், காற்றில் ஈரம், அங்கே இதே வயதுச் செடிக்கு இதைவிடக் குறைவாகத்தான் ஓடும். மாவட்டம் 2019-இல் பிரிந்தது இருக்கட்டும், தண்ணீர் விஷயத்தில் அவை எப்போதுமே இரண்டு சீமைதான். சித்திரை, வைகாசியில் 4-க்கு மேல் 5 லிட்டர் வரை போக வேண்டியிருக்கும், அதை நான்கு தவணையாக்குங்கள்.

செடி வாடினால் என்ன செய்வது

மதியம் ஒரு மணிக்கு இலை தொங்குவதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கடும் வெயிலில் ஈரம் இருந்தும் கொஞ்சம் தொங்கும், நாலரை ஐந்துக்கு நிமிர்ந்துவிடும். காலை 7 மணிக்குப் போய்ப் பாருங்கள். அப்போதும் தொங்கினால் மண்ணைப் பிடியுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர், சந்தேகமே இல்லை. ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: நல்ல வேர் வெள்ளையாக இருக்கும், அழுகிய வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வரும், தண்டின் அடி கறுத்திருக்கும். அங்கே இன்னும் தண்ணீர் விடுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது, அதனால்தான் ஒரு செடியில் தொடங்கியது வரிசையாகப் போகிறது. அந்தச் செடியை மண்ணோடு எடுத்து வெளியே கொண்டுபோய் அழியுங்கள், அந்தப் பாத்தியின் அளவைக் குறையுங்கள், தோட்டக்கலை அலுவலரிடம் வேரைக் காட்டி மருந்து கேளுங்கள்.

பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்தால் உப்பு மேலே வருகிறது. ஒரு நாள் உரமில்லாத தண்ணீரை ஒன்றரை மடங்காக, நான்கைந்து தவணையில் விட்டு அதைக் கீழே தள்ளுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம்.

குழாய்க்கும் பராமரிப்பு வேண்டும்

பில்டருக்கு முன்னும் பின்னும் இருக்கிற அழுத்த மீட்டரில் வித்தியாசம் அரை கிலோவை நெருங்கினால் கழுவுங்கள். வாரம் ஒரு தடவை லேட்டரல் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிவாக வரும் வரை விடுங்கள். டம்ளர் சோதனை மாதம் ஒருமுறை.

கடைசி மாதம்

காய் சிறுத்து, கொண்டுபோகிற செலவுக்கே கட்டாத நிலை வரும்போது பயிரை முடிக்கலாம். இலை குறையக் குறைய அளவையும் 2 லிட்டருக்கு இறக்குங்கள், கடைசிப் பறிப்புக்கு ஒரு வாரம் முன்பே உரத்தை நிறுத்திவிடுங்கள். செடியைப் பிடுங்கிய பிறகு லேட்டரலில் அமிலம் ஓட்டி உப்புப் படிவத்தைக் கரைக்கலாம்: கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது, பி.எச். 4 அளவுக்கு இறங்கினால் போதும். குழாயில் கொஞ்ச நேரம் நிற்கவிட்டு, எல்லா மூடியையும் திறந்து, நல்ல தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள். அப்புறம் டம்ளரை மறுபடி வைத்துப் பாருங்கள், 200 வராத லேட்டரலை அடுத்த நடவுக்கு முன் மாற்றிவிடலாம்.